பந்தல் பிரித்த பிறகும் குழி இருக்கும்

சேவல் முட்டையிடாது. ஆனால் முட்டையின் மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதத்தைச் செய்யும் வித்தை சேவலின் உடம்பிலும் இருக்கிறது. வைட்டெல்லோஜெனின் என்று அந்தப் புரதத்துக்குப் பெயர். பெட்டைக்கோழியில் அதைக் கல்லீரல் தயாரிக்கிறது. இரத்தம் அதைச் சினைப்பைக்குக் கொண்டு சேர்க்கிறது. சேவலின் கல்லீரலிலும் அதே மரபணு உண்டு. ஆயுள் முழுக்க வாய் திறக்காமல் கிடக்கும், அவ்வளவுதான். சேவலுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் அந்த மரபணு விழித்துக்கொள்ளும். ஹார்மோன் உடம்பை விட்டு நீங்கியதும் மறுபடி அடங்கிவிடும். இதுவரை வியப்பொன்றுமில்லை. சில வாரம் விட்டு அதே சேவலுக்கு இரண்டாம் ஊசி போட்டபோதுதான் வேடிக்கை தெரிந்தது. முதல் தடவை தயங்கித் தயங்கி வேலையைத் தொடங்கிய கல்லீரல், இந்தத் தடவை தாமதமில்லாமல், முன்னைவிட வேகமாகப் புரதத்தைச் செய்யத் தொடங்கியது. இடைப்பட்ட நாட்களில் உடம்பில் ஊசி மருந்து இல்லை. அப்படியானால் கல்லீரல் எதை ஞாபகத்தில் வைத்திருந்தது? 1982இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வுக்குழு ஒரு விடை சொன்னது. அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒட்டியிருந்த மெத்தில் என்னும் சிறு வேதிக்குறி முதல் ஊசிக்குப் பின் கழன்றுவிட்டது; திரும்ப ஒட்டவேயில்லை. மறு ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். அந்த மரபணுவை இறுக்கி வைத்திருந்த கட்டு சில இடங்களில் தளர்ந்திருந்தது. ஹார்மோன் போன பின்னும் அது தளர்ந்தபடியே நின்றது.

கல்யாண வீட்டு வாசலில் பந்தல் போடுகிறார்கள். விருந்து முடிந்ததும் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். கால் நட்ட குழிகள் மட்டும் பாதி தூர்ந்து அங்கேயே கிடக்கும். அடுத்த விசேஷத்துக்கு வருகிற பந்தல்காரர் அந்த இடத்தில் கடப்பாரையை ஓங்கிப் போட வேண்டியதில்லை. மண் தானே விட்டுக்கொடுக்கும். ஹார்மோனும் இப்படி வந்து போகிற பந்தல்தான். ஆனால் அது நட்ட இடத்தில் குழி நிற்கிறது. பெண்ணின் உடம்பில் இந்தக் குழிகள் விழுகிற நிலங்களில் ஒன்று மார்பகம் என்று கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. அதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம் என்று நினைக்கிறேன். மார்பகத்தின் நலனைக் கணிக்க, இன்றைக்கு ஒரு பெண்ணின் இரத்தத்தில் எவ்வளவு ஹார்மோன் ஓடுகிறது என்ற கேள்வி மட்டும் போதாது. எந்த வயதில் ஓடியது, எத்தனை காலம் ஓடியது, போகும்போது உயிரணுக்களில் எதை எழுதிவிட்டுப் போனது என்றும் கேட்க வேண்டும். 'ஹார்மோன் கூடினால் ஆபத்து, குறைந்தால் நல்லது' என்ற எளிய கணக்கு இந்த இடத்தில் உதவாது.

இதயமும் சிறுநீரகமும் பிறக்கும்போதே முழு உருவம் பெற்றவை. பிறகு பருமனில் வளர்கின்றன. மார்பகம் அப்படியல்ல. பிறந்த குழந்தைக்கு முலைக்காம்பின் அடியில் குட்டையான சில நாளங்கள் மட்டும் இருக்கும். பூப்பெய்தும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அந்த நாளங்களை நீட்டிக் கிளைக்க வைக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும், சினைமுட்டை வெளிவந்த பின் வரும் இரண்டு வாரங்களில், புரோஜெஸ்டிரோன் ஏறும்போது மார்பக உயிரணுக்கள் கொஞ்சம் பெருகுகின்றன. மாதவிடாயோடு கொஞ்சம் உதிர்கின்றன. கர்ப்பம் தரித்த பிறகுதான் இந்த உறுப்பு தன் கட்டுமானத்தை முடிக்கிறது. நாளங்களின் நுனியில் பால் சுரக்கும் நுண்ணறைகள் கொத்துக் கொத்தாக உருவாகின்றன. புரோலாக்டின் அவற்றைப் பால் சுரக்க வைக்கிறது. பால் மறந்ததும் அந்த அறைகளில் பெரும்பங்கு சில வாரங்களில் இடிந்து கரைந்துவிடும். கட்டி, இடித்து, மறுபடி கட்டுவதற்கென்றே அமைந்த உறுப்பு இது. இத்தனை தடவை கட்டப்படுவதால்தான், யார் வந்து எப்போது கட்டினார்கள் என்பது இதற்கு இவ்வளவு முக்கியமாகிறது.

ஹார்மோன் மார்பகத்தில் பேசும் விதமும் நேரடியானதல்ல. நாளங்களின் உள்வரிசையில் இருக்கும் உயிரணுக்களில் ஒரு பகுதிக்குத்தான் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் வாங்கும் ஏற்பிகள் உண்டு. விந்தை என்னவென்றால், செய்தியைக் கேட்கும் அந்த உயிரணுக்கள் தாம் அதிகம் பெருகுவதில்லை. ரேங்க்-எல் போன்ற புரதங்களைச் சுரந்து பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்புகின்றன; பெருகுவது பக்கத்து உயிரணு. கேட்கிற காது ஒருவருடையது, உழைக்கிற கை வேறொருவருடையது. சுவிட்சர்லாந்தில் கத்ரின் பிரிஸ்கனின் ஆய்வுகள் இந்தச் சங்கிலியைத் தெளிவாக்கின. எலும்பைத் தேய்க்கும் உயிரணுக்களைத் தூண்டுவதும் இதே ரேங்க்-எல் என்பதால், அதைத் தடுக்க எலும்பு மெலிவுக்குக் கொடுக்கும் டெனோசுமாப் மருந்து மார்பகப் புற்றுநோயைத் தடுக்குமா என்று, அந்த நோயின் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணுப் பிழை உள்ள பெண்களிடம் இன்று சோதிக்கிறார்கள். செய்தி உயிரணுவுக்குள் போன பிறகு நடப்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளில் நூல்கண்டுபோலச் சுற்றியிருக்கிறது. இறுகச் சுற்றிய இடத்தில் இருக்கும் மரபணு வேலை செய்யாது. ஹார்மோனைப் பிடித்த ஏற்பி டிஎன்ஏவில் வந்து உட்கார வேண்டுமானால், ஃபாக்ஸ்-ஏ1 போன்ற முன்னோடிப் புரதம் முதலில் கட்டை அவிழ்த்து இடம்பண்ண வேண்டும். அவிழ்த்த இடத்தில் மெத்தில் குறிகள் கழலலாம், ஹிஸ்டோன்களில் வேறு குறிகள் ஏறலாம். உயிரணு இரண்டாகப் பிரியும்போது மெத்தில் குறிகளை அப்படியே படியெடுத்து மகளுயிரணுக்களுக்குக் கொடுக்கத் தனி நொதியே இருக்கிறது. மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதே மாறுகிறது. எபிஜெனெடிக்ஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

மார்பகத்துக்கும் கருப்பைக்கும் தொடர்புண்டு என்ற சந்தேகம் மட்டும் இந்த விளக்கங்களுக்கெல்லாம் மிக முந்தியது. தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாட்சினி, கன்னியாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வருவதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்து வைத்தார். 1896இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்று இருந்த ஒரு பெண்ணின் சினைப்பைகளை நீக்க, கட்டி சுருங்கிய செய்தியை வெளியிட்டார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. 1926இல் பிரிட்டனில் ஜேனட் லேன்-கிளேபன் புற்றுநோய் வந்த பெண்களையும் வராத பெண்களையும் எதிரெதிரே வைத்து ஒப்பிட்டு, பிள்ளைப்பேற்றின் செல்வாக்கைக் கணக்கில் காட்டினார். 1970இல் பிரையன் மக்மஹோன் தலைமையில் பாஸ்டன், ஏதென்ஸ், டோக்கியோ, தைபே, சாவோ பாலோ முதலிய இடங்களில் நடந்த பெரிய ஆய்வு, எத்தனை பிள்ளை என்பதைவிட முதல் பிள்ளை எந்த வயதில் என்பதே முக்கியம் என்றது. பதினெட்டு வயதுக்குள் முதல் பிரசவம் கண்டவர்களுக்கு, முப்பத்தைந்துக்கு மேல் கண்டவர்களின் ஆபத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. 2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆபத்து 7 சதவீதமும், தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் 4.3 சதவீதமும் குறைவது தெரிந்தது.

இந்த எண்களில் ஒரு புதிர் இருக்கிறது. அதை அவசரமாகத் தாண்டிப் போகக்கூடாது. நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாட்களில் கர்ப்பகால ஹார்மோன்கள் தாயின் இரத்தத்திலிருந்து வடிந்துவிடுகின்றன. இருபது வயதில் பிள்ளை பெற்றவளுக்கு ஐம்பத்தைந்தில், அறுபதில் காப்பு கிடைக்கிறது. இடையில் முப்பத்தைந்து, நாற்பது வருடம். போய்விட்ட ஹார்மோன் அத்தனை காலம் காவல் நிற்க முடியாது. அது விட்டுச்சென்ற ஏதோ ஒன்று திசுவிலேயே தங்கியிருக்க வேண்டும். 'இளம் வயதில் பிள்ளை பெறுகிறவர்களின் உணவும் உழைப்பும் வாழ்க்கை முறையும் வேறு, காப்பு அங்கிருந்து வரலாமே' என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். டென்மார்க்கின் பதிவேடுகள் இதற்குப் பதில் சொல்ல உதவுகின்றன. 2018இல் வெளிவந்த ஆய்வில், 34 வாரமோ அதற்கு மேலோ நீடித்த கர்ப்பங்கள் பிற்கால ஆபத்தைச் சராசரியாக 13.6 சதவீதம் குறைத்தன. 33 வாரத்தில் முடிந்தவை 2.4 சதவீதம்தான். நார்வேயின் பதிவேடும் ஒத்துச் சொன்னது. குழந்தை இறந்து பிறந்திருந்தாலும், வாரக்கணக்கு எட்டியிருந்தால் காப்பு இருந்தது. உணவும் வசதியும் படிப்பும் காரணமென்றால் 33ஆம் வாரத்துக்கும் 34ஆம் வாரத்துக்கும் நடுவே இப்படி ஒரு கோடு விழக் காரணமில்லை. கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் மார்பகத்துக்குள் குறிப்பாக ஏதோ ஒன்று முடிகிறது என்று கொள்வதே பொருத்தம்.

அந்த 'ஏதோ ஒன்றை' முதலில் விடாப்பிடியாகத் தேடியவர்கள் பிலடெல்பியாவின் ஹோசே ருஸ்ஸோ, இர்மா ருஸ்ஸோ தம்பதியர். டிஎம்பிஏ என்ற நச்சைக் கன்னி எலிகளுக்குக் கொடுத்தால் பால் சுரப்பியில் கட்டிகள் வரும். ஒரு கர்ப்பத்தை முழுதாகக் கடந்த எலிகள் அதே நச்சைத் தாங்கிக்கொண்டன. பிறகு அவர்கள் மனிதரிடம் வந்தார்கள். சுவீடனின் வடகோடியில் உள்ள நூர்போட்டன் வட்டாரத்தில், மாதவிடாய் நின்றுபோன, நோயில்லாத பெண்கள் தங்கள் மார்பகத் திசுவில் ஊசியளவு எடுத்துக்கொள்ள முன்வந்தார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஓய்ந்து கிடக்கும் மரபணுக்கள் எவை, விழித்திருப்பவை எவை என்ற பட்டியல் வேறுபட்டது. பெற்றவர்களின் உயிரணுக் கருக்களில் டிஎன்ஏ கூடுதலாக இறுகியிருந்ததும் தெரிந்தது. கடைசிப் பிரசவம் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்ட பெண்கள் இவர்கள். பந்தலைப் பிரித்து ஒரு தலைமுறை கழிந்தும் குழி தெரிகிறது.

இருந்தாலும் இதை வைத்து மட்டும் உயிரணுவில் குறி பதிந்திருக்கிறது என்ற முடிவுக்குப் போய்விட முடியாது. மிகக் கூர்மையான மறுப்பு இங்கேதான் எழுகிறது. மார்பகத் திசு ஒரே வகை உயிரணுவால் ஆனதல்ல. கர்ப்பத்துக்குப் பின் ஒரு வகை குறைந்து மற்றொன்று கூடியிருந்தால், மொத்தமாக அரைத்து அளக்கும்போது மரபணுப் பட்டியல் மாறித்தான் தோன்றும். எந்த உயிரணுவும் எதையும் ஞாபகம் வைக்காமலேயே. சந்தைக்கு வந்தவர்கள் மாறினால் சத்தமும் மாறும். யாருடைய குரலும் மாறியிருக்க வேண்டியதில்லை. இந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு. பாஸ்டனில் கோர்னீலியா பொலியாக்கின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மோனுக்குச் செவிசாய்த்துப் பெருகும் தன்மையுள்ள ஒரு முன்னோடி உயிரணு வகை பிள்ளை பெற்றவர்களிடம் குறைந்தே காணப்பட்டது. அதாவது ஆள்கணக்கும் மாறுகிறது. மறு பாதிக்கான விடை, உயிரணுக்களை வகைவகையாகப் பிரித்துத் தனித்தனியே பார்த்த எலி ஆய்வுகளில் கிடைத்தது.

நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் கமிலா தோஸ் சாண்டோஸும் சகாக்களும் 2015இல் காட்டியது இது: ஒருமுறை கர்ப்பமாகிப் பால் மறந்த எலியின் பால் சுரப்பி உயிரணுக்களில், டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் குறிகள் கழன்றிருந்தன, சுரப்பி சுருங்கிப் பழைய தோற்றத்துக்கு வந்த பின்னும் அவை திரும்பவில்லை. அந்த இடங்களில் பல, புரோலாக்டினின் கட்டளையைக் கொண்டுபோகும் ஸ்டாட்5 என்ற புரதம் வந்து அமரும் பீடங்கள். இந்த எலிகளுக்கு மறுபடி கர்ப்பகால ஹார்மோன்களைக் கொடுத்தபோது சுரப்பி முதல் தடவையைவிடச் சீக்கிரம் விழித்தது. சேவலின் கல்லீரலில் பார்த்த அதே கதை. 2020இல் அவர்கள் ஒருபடி மேலே போனார்கள். புற்றைத் தூண்டும் மிக் என்ற மரபணுவை மிகையாக இயக்கும்படி மாற்றிய எலிகளில், கர்ப்பம் கண்ட சுரப்பியின் உயிரணுக்களை எடுத்துக் கர்ப்பமே காணாத எலிகளின் உடம்பில் நட்டார்கள். அங்கும் அவை கட்டியாக வளர மறுத்தன. கன்னி எலியின் உயிரணுக்களோ வளர்ந்தன. இந்த ஒரு சோதனை எனக்குப் பத்து கணக்கெடுப்புகளைவிடப் பெரிது. காப்பு தாயின் இரத்தத்திலோ உணவிலோ மட்டும் இருந்திருந்தால், வேறோர் உடம்புக்குக் குடிபெயர்ந்த உயிரணு அதை இழந்திருக்க வேண்டும். உயிரணு தன் ஞாபகத்தை மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறது.

எலி வேறு, மனுஷி வேறு என்பதை மறக்கக்கூடாது. எலியின் வாழ்நாளே இரண்டு மூன்று வருடம், அதன் கர்ப்பம் மூன்று வாரம், மாதவிடாய் அதற்கில்லை. மனிதத் திசுவில் மெத்தில் வேறுபாடுகள் கண்டிருக்கிறார்கள் என்றாலும், எலியில் செய்வதுபோல உயிரணுவை இடம் மாற்றி நட்டு நிரூபிக்க மனிதரில் வழியில்லை. குறி என்பது காரணமா, வெறும் தடயமா என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. சேவல் கல்லீரலிலேயே மரபணு வேலையைத் தொடங்கிய பின்தான் மெத்தில் குறி முழுக்கக் கழன்றது. அதாவது குறி கழன்றதால் மரபணு விழித்தது என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, ஞாபகம் மார்பக உயிரணுவில் மட்டும் குடியிருக்கவில்லை. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் குழுவே கர்ப்பத்துக்குப் பின் சுரப்பியில் ஒருவகை எதிர்ப்பு உயிரணுக்கள் பெருகித் தங்குவதைக் கண்டது. மெல்போர்னில் ஷெரீன் லோயின் குழு, பிள்ளை பெற்றுப் பாலூட்டிய பெண்களின் மார்பகத்தில் காவல் காக்கும் டி உயிரணுக்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இருப்பதாக அண்மையில் காட்டியிருக்கிறது. இவை என் வாதத்தைக் குலைப்பதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழி ஒரே இடத்தில் விழவில்லை, முற்றம் முழுக்க விழுந்திருக்கிறது என்றுதான் அவை சொல்கின்றன.

ஞாபகம் எப்போதும் நன்மையே செய்யும் என்று நினைத்தால் அதுவும் தவறு. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துப் பல வருடம் எடுத்துக்கொண்டவர்களைப் பற்றி 2019இல் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்திப் பத்து வருடத்துக்குப் பிறகும் கூடுதல் ஆபத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது. எத்தனை காலம் எடுத்தார்களோ அதற்கேற்ப அது கூடியது. மாத்திரை நின்ற பின் எது அந்த ஆபத்தைச் சுமக்கிறது? மறுபுறம், அமெரிக்காவின் பெண்கள் நல முன்முயற்சி ஆய்வில் கருப்பை நீக்கப்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தபோது மார்பகப் புற்று குறைந்தது, அந்தக் குறைவு மருந்தை நிறுத்திய பின்னும் நீடித்தது. வேறு சில கணக்கெடுப்புகள் இதற்கு மாறாகச் சொல்வதால் நிபுணர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எப்படியானாலும், ஹார்மோன் என்றாலே தீங்கு என்று ஒரே தராசில் நிறுப்பவர்களுக்கு இது சங்கடமான முடிவு. வயது முக்கியம் என்பதற்கு ஹிரோஷிமா, நாகசாகி ஒரு கொடிய சாட்சி. அணுகுண்டின் கதிர்வீச்சுக்குச் சிறுமிப் பருவத்திலும் பூப்பெய்தும் வயதை ஒட்டியும் ஆளானவர்களிடம்தான் பிற்காலத்தில் மார்பகப் புற்றின் ஆபத்து மிகவும் கூடியது. பாதி கட்டிய வீட்டில் மழை அடித்ததுபோல.

பிரசவமும் உடனே காப்பாகிவிடுவதில்லை. பொதுப் பேச்சில் அடியோடு விட்டுப்போகும் செய்தி இது. 2019இல் வெளியான, ஏறத்தாழ ஒன்பது லட்சம் பெண்களைப் பற்றிய தொகுப்பாய்வின்படி, பிரசவத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் மார்பகப் புற்றின் ஆபத்து பிள்ளை பெறாதவர்களைவிடக் கூடுகிறது. ஏறக்குறைய ஐந்தாம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கி, இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்துத்தான் காப்பாக மாறுகிறது. தாமதமாக முதல் பிள்ளை பெற்றவர்களிடம் இந்த ஏற்றம் கூர்மையாக இருந்தது. பயந்துவிட வேண்டாம், அந்த வயதில் நோயே அரிது. ஐம்பது வயதை எட்டுவதற்குள் நோய் கண்டவர்கள் பெறாதவர்களில் நூற்றுக்கு 1.9, அண்மையில் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2. பால் மறக்கும் காலத்தில் சுரப்பி இடிந்து சுருங்குவது, புண் ஆறும்போது நடக்கும் வேலைகளைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஏற்கெனவே கெட்டுப்போன உயிரணு ஒன்று அங்கே ஒளிந்திருந்தால் அந்தச் சூழல் அதற்கு உரமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புற்றின் வகையும் கணக்கை மாற்றும். பிள்ளைப்பேறு காப்பது பெரும்பாலும் ஹார்மோன் ஏற்பி உள்ள வகையிலிருந்து. ஏற்பிகள் எதுவுமில்லாத முக்குறை வகைக்கு, அதாவது டிரிபிள் நெகட்டிவ் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு, அந்தக் காப்பு செல்லாது. தாய்ப்பால் கொடுப்பதுதான் அங்கே உதவுகிறது. இந்தியப் பெண்களிடம் இந்த வகை மேலைநாடுகளைவிட அதிக விகிதத்தில் காணப்படுவதால், இந்த வேறுபாடு நமக்குச் சும்மா படித்துவிட்டுப் போகும் செய்தி அல்ல.

இவற்றைப் படித்துவிட்டு, 'அதனால்தான் அந்தக் காலத்தில் சின்ன வயசிலேயே கட்டிக் கொடுத்தார்கள்' என்று ஒரு குரல் எழும் என்பது எனக்குத் தெரியும். அது அறிவியலிடமிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் பிய்த்துக்கொள்ளும் குரல். 2002ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒரு கணக்குப் போட்டது: வளர்ந்த நாட்டுப் பெண்கள், வளரும் நாடுகளில் அண்மைக்காலம் வரை இருந்ததுபோலப் பல பிள்ளைகள் பெற்று ஒவ்வொன்றுக்கும் நீண்ட காலம் பாலூட்டினால், எழுபது வயதுக்குள் மார்பகப் புற்று வருபவர்கள் நூற்றுக்கு 6.3இலிருந்து 2.7ஆகக் குறைவார்கள். பெரிய குறைவுதான். ஆனால் அதை வாங்க ஆறேழு பிரசவங்களை விலையாகக் கொடுக்க வேண்டும். வளராத உடம்பில் வரும் கர்ப்பத்தின் ஆபத்தும், அறுபட்ட படிப்பும், இரத்தசோகையும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. நூறு பேரில் மூன்று நான்கு பேருக்குக் காப்பு தேட, நூறு பேரின் இளமையையும் ஈடுகாட்டச் சொல்வது மருத்துவமாகாது. பிள்ளை பெறாத பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் இதில் இடமில்லை. அவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இந்த நோய் வரவே வராது, பல பிள்ளை பெற்றவர்களுக்கும் வருகிறது. பிஆர்சிஏ1 பிழையோடு பிறந்தவர்களுக்குப் பிள்ளைப்பேறு மற்றவர்களுக்குத் தரும் அளவு காப்பைத் தருவதுமில்லை. கருக்கலைப்பு புற்றை வரவழைக்கும் என்ற பழைய பயமுறுத்தலையும் இதோடு சேர்த்துத் தள்ளிவிடலாம். 1997இல் பதினைந்து லட்சம் டேனிஷ் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், கருக்கலைப்பால் மார்பகப் புற்றின் ஆபத்து ஒட்டுமொத்தமாகக் கூடவில்லை என்று காட்டிவிட்டார்கள். இந்த ஆராய்ச்சியின் நோக்கம் பெண்களைப் பிரசவ அறைக்கு விரட்டுவதல்ல. கர்ப்பம் எழுதும் அந்தக் குறியை, கர்ப்பமில்லாமலே மருந்தால் எழுத முடியுமா என்று தேடுவதுதான். எலிகளுக்கு எச்சிஜி என்னும் கர்ப்பகால ஹார்மோனை மட்டும் கொடுத்து ருஸ்ஸோ தம்பதியர் அந்தக் காப்பை வரவழைத்ததும் இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம்.

நம் ஊர்ப் பெண்களிடமும் இந்தத் தடங்களைத் தேடியிருக்கிறார்கள். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நடந்த ஒப்பீட்டாய்வு, நீண்ட காலம் தாய்ப்பால் கொடுத்தவர்களில், குறிப்பாக மாதவிடாய் நிற்காத வயதினரிடம், ஆபத்து குறைந்திருப்பதைக் கண்டது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு இரண்டு பிள்ளை என்பதே அதிகம் என்றாகி, முதல் பிள்ளையும் முன்னைவிடத் தள்ளிப்போகிறது. பாலூட்டும் மாதங்களும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு எண்ணி எடுத்தவை. 2022ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது என்கிறது உலகளாவிய மதிப்பீடு. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பழையபடி கூட்டப்போவதில்லை, கூட்டவும் வேண்டியதில்லை. கைக்கெட்டுவது பால் கொடுக்கும் மாதங்கள். அதற்கு ஊதியத்தோடு விடுப்பும் வேலையிடத்தில் ஓர் அறையும் வேண்டும். தாய்க்குப் புத்தி சொல்லும் சுவரொட்டி போதாது.

மருத்துவர், 'எந்த வயதில் பெரியவளானீர்கள், முதல் குழந்தை எந்த வயதில், மொத்தம் எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள், ஹார்மோன் மாத்திரை எத்தனை வருடம் சாப்பிட்டீர்கள்' என்று கேட்டால் வெட்கப்பட்டு மழுப்பாமல் சரியான கணக்கைச் சொல்லுங்கள்; நோயைக் காட்டாத திசு மறைத்து வைத்திருக்கும் பக்கங்களைத்தான் அவர் உங்கள் வாயால் படிக்கப் பார்க்கிறார். பிள்ளை பெற்ற சில வருடங்களுக்குள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, அது இரண்டு மூன்று வாரத்தில் கரையவில்லையென்றால், பால் கட்டியிருக்கிறது என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.